ஃபாரூக் ஹோஸ்னி: எகிப்தில் 23 ஆண்டுகள் கலாச்சார அமைச்சராக இருந்தவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஃபாரூக் ஹோஸ்னி?

எகிப்தின் கலாச்சார அமைச்சராக 1987 அக்டோபர் முதல் 2011 ஜனவரி வரை இருந்தவர். 1938இல் அலெக்ஸாண்டிரியாவில் பிறந்தார். அடிப்படையில் ஓவியர், உருவங்கள் இல்லாத, நிறங்களை மட்டும் நம்பும் அரூப ஓவியங்கள் வரைபவர். அவர் பதவியில் இருந்த காலத்தில் நான்கு பிரதமர்கள் மாறினார்கள்: ஆதிஃப் சித்கி, கமால் கன்சூரி, ஆதிஃப் உபைத், அகமது நசீஃப். பிரதமர் மாறும்போதெல்லாம் அமைச்சரவையும் மாறியது. கலாச்சாரத் துறைக்கு மட்டும் அதே பெயர் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது.

ஹோஸ்னி முபாரக்கின் உறவினரா?

இல்லை. தமிழில் படிக்கும் பலருக்கும் வரும் சந்தேகம்தான் இது. அப்போதைய அதிபர் முகமது ஹோஸ்னி முபாரக்குக்கு அது நடுப்பெயர், இவருக்குக் கடைசிப் பெயர். எகிப்தில் மிகச் சாதாரணமான பெயர் அது. இரத்த உறவு கிடையாது. ஆனால் அரசியல் உறவு நெருக்கமானது. அதிபரின் நம்பிக்கையும் அதிபரின் மனைவி சுசானின் ஆதரவும் இவருக்கு இருந்தன என்பதைக் கெய்ரோவில் யாரும் மறைத்துப் பேசியதில்லை.

ஓர் ஓவியர் எப்படி அமைச்சரானார்?

கட்சி வழியாக வரவில்லை. அலெக்ஸாண்டிரியா நுண்கலைக் கல்லூரியில் படித்து முடித்தவர், முதலில் அதே நகரத்தின் அன்ஃபூஷி பகுதியிலிருந்த கலாச்சார மாளிகையை நடத்தினார். அப்புறம் பாரிஸ். அங்கே எகிப்தியக் கலாச்சார மையப் பணி. அதன்பின் ரோமில் உள்ள எகிப்தியக் கலைக்கழகத்தின் இயக்குநர். அங்கிருந்து நேராக அமைச்சர் நாற்காலி.

நியமனம் அறிவிக்கப்பட்டபோது கெய்ரோ எழுத்தாளர்கள் கொதித்தார்கள். கலாச்சார அமைச்சகத்தை 1958இல் உருவாக்கிக் கட்டியெழுப்பியவர் ஸர்வத் உகாஷா. அசுவான் அணையில் மூழ்கவிருந்த அபு சிம்பல் கோயில்களைக் காப்பாற்ற, ஐ.நா.வின் கல்வி, கலாச்சார அமைப்பான யுனெஸ்கோவின் துணையோடு உலகத்தையே திரட்டியவர் அவர். அவர் உட்கார்ந்த இடத்தில் பெயரே கேள்விப்படாத ஓர் ஓவியரா என்பது அவர்களுடைய கேள்வி. சில மாதங்கள்கூடத் தாங்க மாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள்.

இந்த அமைச்சகத்துக்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதுவும் புரியாது. எகிப்தில் கலாச்சார அமைச்சர் என்றால் விழாவில் குத்துவிளக்கு ஏற்றுபவர் அல்ல. அன்றைக்கு அந்த அமைச்சகத்தின் கீழ் இருந்தவற்றைப் பாருங்கள். பிரமிடுகள், கோயில்கள், கல்லறைகள், மசூதிகள் உட்பட நாட்டின் தொல்பொருள் முழுவதும், அருங்காட்சியகங்கள், ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தும் அரசுப் பதிப்பகம், ஓபரா மாளிகை, அரசு நாடக அரங்குகள், எழுத்தாளர்களுக்கு விருதும் உதவித்தொகையும் தரும் உயர் கலாச்சார மன்றம். இவற்றோடு, சிற்றூர்கள் வரை பரவிய ‘கஸ்ர் அத்தகாஃபா’ எனப்படும் கலாச்சார மாளிகைகள். பெயர்தான் மாளிகை, பெரும்பாலும் ஒரு நூலகம், ஒரு சின்ன மேடை, குழந்தைகள் படம் வரைய ஓர் அறை, அவ்வளவுதான். ஆனாலும் கெய்ரோவைப் பார்த்திராத இளைஞர் ஒருவர் முதல் நாடகத்தைப் பார்ப்பதும், முதல் கவிதையை வாசிப்பதும் அந்தக் கட்டடத்தில்தான்.

எழுத்தாளர், ஓவியர், நாடகக்காரர், தொல்லியலாளர் என்று யாராக இருந்தாலும் சம்பளமோ, மேடையோ, அச்சோ, அனுமதியோ ஏதோ ஒன்றுக்கு இந்த அமைச்சகத்தின் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். அந்த வாசலுக்கு 23 ஆண்டுகள் ஒரே காவலர்.

பதவிக்கு வந்ததும் சந்தித்த முதல் நெருக்கடி எது?

ஸ்பிங்க்ஸ். 1988 பிப்ரவரியில் கீஸாவில், சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட அந்தப் பழங்காலச் சிலையின் வலது தோளிலிருந்து ஒரு பெரிய பாறைத்துண்டு கழன்று விழுந்தது. உலகச் செய்தியானது. தொல்பொருள் நிறுவனத்தின் தலைவர் அகமது கத்ரியை ஹோஸ்னி பதவியிலிருந்து நீக்கினார். ஸ்பிங்க்ஸைச் சீரமைக்கும் வேலை பத்தாண்டு நடந்து 1998இல் முடிந்தது. வேலை நன்றாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய தவறு நடந்தால் அமைச்சருக்கு ஒரு படி கீழே இருப்பவர் போவார் என்ற வழக்கம் பதவியேற்ற சில மாதங்களிலேயே தொடங்கிவிட்டது. அது கடைசிவரை மாறவில்லை.

அவர் செய்த நல்ல காரியங்கள் என்ன?

நிறையவே உண்டு. எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்பவை அவை.

அசுவானில் 1997இல் திறந்த நூபிய அருங்காட்சியகத்தை முதலில் சொல்வேன். அணைக்காக ஊரையே இழந்த மக்களின் வரலாற்றுக்கு, அவர்கள் மண்ணிலேயே ஓர் இடம் கிடைத்தது. கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது 2001இல் அதற்குக் கிடைத்தது.

அடுத்தது பழைய கெய்ரோ. 1992 அக்டோபர் நிலநடுக்கத்தில் இடைக்கால மசூதிகளும் மதரஸாக்களும் விரிசல் விட்டு நின்றன. அதன்பின் தொடங்கிய பெரும் சீரமைப்பில்தான் அல்-முயிஸ் தெரு இன்றைய வடிவத்துக்கு வந்தது. வண்டிகளின் புகையிலும் கழிவுநீரிலும் நின்ற கட்டடங்களுக்கு நடுவே இன்று காலாற நடக்கலாம். அவசரத்தில் புதுச் சுண்ணாம்பு பூசிப் பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சில வல்லுநர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் சில கட்டடங்கள் இடிந்தே போயிருக்கும்.

கெய்ரோ சர்வதேசப் பரிசோதனை நாடக விழாவை 1988இல் தொடங்கினார். 1990களின் நடுவில் உயர் கலாச்சார மன்றத்தில் விமர்சகர் ஜாபிர் உஸ்ஃபூர் முன்னின்று நடத்திய மொழிபெயர்ப்புத் திட்டம் நூற்றுக்கணக்கான நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தது. சுசான் முபாரக் தொடங்கிய ‘அனைவருக்கும் வாசிப்பு’ இயக்கத்துக்கு இவருடைய அமைச்சகத்தின் பதிப்பகம் மலிவு விலையில் அச்சடித்துக் கொடுத்தது. ஒரு தலைமுறை எகிப்தியர்களின் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய கனவு, பிரமிடுகளுக்கு அருகே எழுந்த மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம். தஹ்ரீர் சதுக்கத்தில் இருக்கும் அந்தக் கிடங்கை (பழைய எகிப்திய அருங்காட்சியகத்தைத்தான்) என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஓர் இத்தாலிய நண்பர் கேட்ட கேள்விதான் தன்னை உசுப்பியது என்று ஹோஸ்னி சொல்லியிருக்கிறார். 2002இல் முபாரக் அடிக்கல் நாட்டினார். வடிவமைப்புப் போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து 1,500க்கும் அதிகமான வரைவுகள் வந்தன. 2006 ஆகஸ்டில் கெய்ரோ ரயில் நிலையச் சதுக்கத்திலிருந்து 83 டன் எடையுள்ள இரண்டாம் ராம்செஸ் சிலையை இரவோடு இரவாகக் கொண்டுபோனபோது, மக்கள் தெருவில் நின்று வழியனுப்பினார்கள்.

எழுத்தாளர்களை ‘தொழுவத்தில்’ அடைத்தார் என்கிறார்களே, அது என்ன?

அரபியில் ‘ஹஸீரா’ என்றால் கால்நடைகளை அடைக்கும் பட்டி. அறிவுஜீவிகளைப் பட்டிக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று ஹோஸ்னி சொன்னதாக அந்தச் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் எகிப்தில் ‘ஹஸீரா’ என்றாலே அரசு தந்த பதவி, பத்திரிகை ஆசிரியர் நாற்காலி, விருது, வெளிநாட்டுப் பயணம் இவற்றில் அடங்கிப்போன எழுத்தாளர்களைத்தான் நினைப்பார்கள்.

காலமும் இதற்கு உதவியது. 1990களில் ஆயுதம் ஏந்திய இஸ்லாமியக் குழுக்கள் எழுத்தாளர்களைக் குறிவைத்தன. 1992இல் ஃபரஜ் ஃபோதா சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸ் கழுத்தில் கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் சூழலில் அரசின் பக்கம் நிற்பது பல எழுத்தாளர்களுக்கு உயிர்காக்கும் முடிவாகத் தெரிந்தது. அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது.

என்ன விலை?

2000ஆம் ஆண்டில் அது தெரிந்தது. சிரிய எழுத்தாளர் ஹைதர் ஹைதரின் பழைய நாவல் ஒன்றை அமைச்சகம் மறுபதிப்பு செய்திருந்தது. அது மதத்தை அவமதிக்கிறது என்று ஒரு பத்திரிகை கிளப்பிவிட, அல்-அஸ்ஹர் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது ஹோஸ்னி நாவலின் பக்கம் நின்றார்.

சில மாதங்களிலேயே நிலைமை தலைகீழானது. 2001 ஜனவரியில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த எம்.பி. ஒருவர், அமைச்சகம் வெளியிட்ட மூன்று நாவல்கள் ஆபாசம் என்று கேள்வி எழுப்பினார். இந்த முறை ஹோஸ்னி நாவல்களைக் கைவிட்டார். அவற்றை வெளியிட்ட கலாச்சார மாளிகைகள் நிறுவனத்தின் தலைவரையும் நீக்கினார். எழுத்தாளர்கள் பலர் கெய்ரோ புத்தகக் கண்காட்சி நிகழ்ச்சிகளைப் புறக்கணித்தார்கள். எந்தக் கருத்துச் சுதந்திரத்துக்காகப் பட்டிக்குள் வந்தோமோ, அது அமைச்சரின் அன்றைய கணக்கைப் பொறுத்தது என்பது பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மேடையிலேயே விருதை மறுத்தவர் யார்?

நாவலாசிரியர் ஸுனல்லாஹ் இப்ராஹிம். 2003 அக்டோபரில் கெய்ரோ ஓபரா மாளிகையில் அரபு நாவலுக்கான விருது, ஒரு லட்சம் எகிப்திய பவுண்டு. அமைச்சர் முன்னிலையில் மேடையேறி, கையோடு கொண்டுவந்த தாளைப் படித்தார். இந்த விருதைத் தரும் தகுதி இந்த அரசுக்கு இல்லை என்பது சாரம். படித்துவிட்டு, விருதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அரங்கத்தில் கைதட்டல் அதிர்ந்தது. கைதட்டியவர்களில் பலர் அதே அரசின் விருது பெற்றவர்கள். பட்டிக்குள் இருந்தவர்களும் மனதுக்குள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கைதட்டல் போதும்.

பெனி சுவைஃபில் என்ன நடந்தது?

மேலே சொன்ன சின்னக் கலாச்சார மாளிகைகளுக்கு இப்போது வர வேண்டும்.

பெனி சுவைஃப், கெய்ரோவுக்குத் தெற்கே நைல் கரையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் இருக்கும் நகரம். 2005 செப்டம்பர் 5 அன்று மாலை அங்குள்ள கலாச்சார மாளிகையில் அமெச்சூர் குழுக்களின் நாடக விழா. நாடகம் நடந்தது முறையான அரங்கத்தில் அல்ல, ஓவியக் காட்சிக்கான ஓர் அறையில். அறையை ஒரு குகைபோலக் காட்டக் காகிதத்தால் அரங்கம் அமைத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்திகள். ஒரு மெழுகுவர்த்தி சரிந்தது. காகிதம் பிடித்துக்கொண்டது. வெளியேற வழி போதவில்லை. ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள்.

இறந்தவர்களில் நடிகர்களும் பார்வையாளர்களும் மட்டுமல்ல, கெய்ரோவிலிருந்து நடுவர்களாக வந்திருந்த நாடக விமர்சகர்களும் பேராசிரியர்களும் இயக்குநர்களும் இருந்தார்கள். தலைநகரத்துப் பெரிய விழாக்களை விட்டுவிட்டு, பேருந்து ஏறி ஊர் ஊராகப் போய் இளைஞர்களின் நாடகத்தைப் பார்த்து, உட்கார்ந்து பேசி, திருத்தி வளர்த்தவர்கள். எகிப்திய நாடக விமர்சனத்தில் ஒரு தலைமுறையின் முக்கியமானவர்கள் ஒரே இரவில் போனார்கள். அவர்கள் விட்ட இடத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. ஓபரா மாளிகைக்கும் பிரமிடு ஒளிக்காட்சிக்கும் செலவிட்ட அமைச்சகத்தின் கட்டடத்தில், அந்த அறைக்கு இன்னொரு வாசலும் வேலை செய்யும் தீயணைப்புக் கருவியும் வைக்க முடியாதா? இந்தக் கேள்வியைத்தான் அவர்களுடைய நண்பர்கள் தெருவில் நின்று கேட்டார்கள். ‘செப்டம்பர் 5’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கினார்கள்.

ஹோஸ்னி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். உடனே நூற்றுக்கணக்கான கலைஞர்களும் எழுத்தாளர்களும், அவர் போகக் கூடாது என்று கையெழுத்திட்டார்கள். முபாரக் ராஜினாமாவை ஏற்கவில்லை. கீழ்நிலை அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. அமைச்சர் அமைச்சராகவே தொடர்ந்தார். பட்டி எதற்காகக் கட்டப்பட்டது என்று யாராவது கேட்டால், அந்தக் கையெழுத்துப் பட்டியலைத்தான் நான் காட்டுவேன்.

ஹிஜாப் சர்ச்சை?

2006 நவம்பரில் ஒரு நாளிதழிடம் பேசும்போது, பெண்கள் ஹிஜாப் அணிவது அதிகரிப்பது பின்னோக்கிய போக்கு என்றார். நாடாளுமன்றம் வெடித்தது. முஸ்லிம் சகோதரத்துவ உறுப்பினர்கள் மட்டுமல்ல, அவருடைய ஆளுங்கட்சி உறுப்பினர்களே ராஜினாமா கேட்டார்கள். சில நாள் வீட்டிலேயே இருந்தார். பிறகு அது அவருடைய தனிப்பட்ட கருத்து என்று ஆனது; அலை அடங்கியது.

யுனெஸ்கோ தேர்தலில் ஏன் தோற்றார்?

2009இல் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் பதவிக்கு எகிப்து அவரை நிறுத்தியது. அரபு உலகத்திலிருந்து யாரும் அதுவரை அந்தப் பதவிக்கு வந்ததில்லை. வெற்றி நிச்சயம் என்று எகிப்துப் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் 2008 மே மாதம் நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் குறுக்கே வந்தது. அலெக்ஸாண்டிரியா நூலகத்தில் இஸ்ரேலியப் புத்தகங்கள் இருப்பதாக ஓர் எதிர்க்கட்சி எம்.பி. குற்றம்சாட்ட, அப்படி இருந்தால் நானே எரிக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டார். வாக்குவாதச் சூட்டில் வந்த பேச்சு என்று பிறகு விளக்கினார். அப்படியே இருக்கட்டும். ஆனால் பழங்காலத்தில் அழிந்துபோன ஒரு மாபெரும் நூலகத்தின் நினைவாக எழுந்த கட்டடத்தைப் பற்றி, அதே ஊரில் பிறந்த ஒரு கலாச்சார அமைச்சர் வாயில் எரிப்பு என்ற சொல் வரலாமா? என்னால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2009 மே மாதம் எழுத்தாளர் எலீ வீஸல், திரைப்பட இயக்குநர் கிளோட் லான்ஸ்மன், தத்துவவாதி பெர்னார்-ஆன்ரி லெவி என்ற யூத அறிவுஜீவிகள் மூவரும் பிரெஞ்சு நாளிதழ் ‘லெ மோந்த்’ வழியாக அவருக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். ஹோஸ்னி அதே நாளிதழில் வருத்தம் தெரிவித்தார். முபாரக் பேசியதால் இஸ்ரேல் அரசு எதிர்ப்பைத் தளர்த்தியது. இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் கெய்ரோவில் நிகழ்ச்சி நடத்தினார். இஸ்ரேலிய நாவல்களை அரபியில் மொழிபெயர்க்கப் போவதாகவும் அறிவிப்பு வந்தது. அதற்கு உள்நாட்டில் திட்டு.

செப்டம்பரில் 58 உறுப்பினர் கொண்ட செயற்குழு வாக்களித்தது. முதல் சுற்றில் 22 வாக்குகளோடு ஹோஸ்னி முன்னிலை. சுற்றுகள் நகர நகர எதிர்ப்பு வாக்குகள் பல்கேரியாவின் இரினா பொகோவா பக்கம் குவிந்தன. நான்காம் சுற்றில் 29க்கு 29. ஐந்தாம் சுற்றில் 31க்கு 27, பொகோவா வென்றார். ஊர் திரும்பியதும் மேற்கு நாடுகள் சேர்ந்து சதி செய்ததாக ஹோஸ்னி குற்றம்சாட்டினார். அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் அவருக்கு எதிராக வேலை செய்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது அவருடைய சொந்த வாக்கியம்.

வான்கோ ஓவியம் திருடுபோனது இவர் காலத்தில்தானா?

ஆமாம். 2010 ஆகஸ்ட் 21, பட்டப்பகல். கீஸாவில் முகமது மஹ்மூத் கலீல் அருங்காட்சியகத்திலிருந்து ‘பாப்பி மலர்கள்’ ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அறுத்து எடுத்துப் போனார்கள். மதிப்பு 5 கோடி டாலருக்கு மேல். 43 கண்காணிப்புக் கேமராக்களில் 7 மட்டுமே வேலை செய்தன. எந்த ஓவியத்தின் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. இத்தனைக்கும் அதே ஓவியம் 1970களிலேயே ஒரு முறை திருடப்பட்டு மீட்கப்பட்டது.

விமான நிலையத்தில் ஓவியம் பிடிபட்டுவிட்டது என்று அமைச்சர் அன்றே அறிவித்து, சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அமைச்சகத்தின் நுண்கலைப் பிரிவுத் தலைவர் சிறைக்குப் போனார். பாதுகாப்பைச் சரிசெய்ய 4 கோடி பவுண்டு கேட்டேன், 5 லட்சம்தான் கொடுத்தார்கள் என்பது அவருடைய வாதம். இங்கேயும் ஒரு படி கீழே இருந்தவர்தான் போனார்.

பதவி எப்படி முடிந்தது?

2011 ஜனவரி 25இல் தொடங்கிய மக்கள் எழுச்சியோடு. ஜனவரி 28 இரவு தஹ்ரீர் எகிப்திய அருங்காட்சியகத்துக்குள் ஆட்கள் புகுந்து காட்சிப் பெட்டிகளை உடைத்தார்கள். இளைஞர்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று வாசலைக் காத்தார்கள். அடுத்த சில நாட்களில் முபாரக் அமைத்த புதிய அமைச்சரவையில் ஹோஸ்னியின் பெயர் இல்லை. அவருக்குப் பதிலாக வந்த ஜாபிர் உஸ்ஃபூர் பத்து நாளைக்குள் விலகினார். தொல்பொருள் துறையைக் கலாச்சார அமைச்சகத்திலிருந்து பிரித்து, தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸிடம் தனியாகக் கொடுத்தார்கள்.

ஊழல் வழக்கு என்ன ஆனது?

கணக்குக் காட்ட முடியாத 1 கோடியே 80 லட்சம் பவுண்டு வைத்திருப்பதாக 2012இல் குற்றம் சாட்டப்பட்டார். பிறகு நீதிமன்றம் விடுவித்தது.

அவர் கனவு கண்ட அருங்காட்சியகம்?

முழுமையாகத் திறந்தது 2025 நவம்பர் 1 அன்று. அடிக்கல் நாட்டி 23 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள் அனைத்தும் முதன்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. நுழைந்ததும் எதிரே நிற்பது 2006இல் ரயில் நிலையத்திலிருந்து கொண்டுபோன அதே ராம்செஸ்.

வான்கோ ஓவியம் கிடைத்ததா?

இல்லை. கலீல் அருங்காட்சியகம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, சீரமைப்புக்குப் பின் 2021இல் திறந்தது. திருடுபோன ஓவியங்களைத் தேடும் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.